நெடிய ஓட்டத்துக்கு முன் ஒரு குறு ஓட்டம்

ஓட்டத்தைப் பற்றி எழுத, ஓடி வென்றவர்தாம் தகுதியுடையவர் என்று நேயர்கள் கருதுவார்களாயின், இக்கட்டுரையை இங்கேயே மூடி வைத்துவிடலாம். நாம் வென்றவர் அல்லோம். ரெயில்வே அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு நடுவே நாற்காலி தேய்க்கும் குமாஸ்தா. ஒரு முறை 42 கிலோமீட்டர் ஓடப் புறப்பட்டு வழியில் விழுந்தோம். மறுமுறை விழாமல் வந்து சேர்ந்தோம். இவ்விரண்டுக்கும் இடையே 10 கிலோமீட்டர் நீளமுள்ள சிறு பந்தயம் ஒன்று இருந்தது. அதைப் பற்றியே எழுத வந்தோம். மழைக்காலம் கழிந்தால் மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களிலும், செம்பூர்ச் சாலைகளிலும், தாராவியின் 90 அடிச் சாலையிலும் நம்மவர் பலர் விடியற்காலையில் காலணி பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களில் ஒருவருக்கேனும் இது பயன்படுமே என்று ஆசிரியர் வற்புறுத்தியதால் துணிந்தோம்.

மாரத்தான் என்னும் சொல்லை, முடிவின்றி நீளும் எதற்கும் வழங்குவது நம்மவர் வழக்கம். சங்கத்துப் பொதுக்குழுக் கூட்டத்தைக்கூட ஓர் அன்பர் அவ்வாறு வருணித்தார். ஆயினும் அதன் தூரம் மிகக் கறாரானது; 42.195 கிலோமீட்டர். 1896-இல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது அது ஏறத்தாழ 40 கிலோமீட்டராகவே இருந்தது. தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஸ்பிரிடோன் லூயிஸ் என்பவர் அதில் வெற்றி பெற்றார். 1908-இல் லண்டனில், வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடத்தின் எதிரே முடியுமாறு பாதையை வகுத்தனர். அந்தத் தூரமே 1921-இல் உலகம் முழுமைக்கும் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அரச குடும்பத்தார் சற்று இப்பால் அமர்ந்திருந்தால் நம் கால்களுக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

நம் மும்பை மாநகரின் மாரத்தான் 2004-இல் தொடங்கியது. ஜனவரித் திங்களின் மூன்றாம் ஞாயிறன்று நடைபெறுவது வழக்கம். நம் பெரியவர்கள் இன்றும் வி.டி. என்றே அழைக்கும் சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தின் எதிரே முழு ஓட்டம் தொடங்கும். அதில் பாதித் தூரமான 21 கிலோமீட்டர்ச் சொச்சத்துக்கான ஓட்டம், நாம் ஓடிய ஆண்டில் மாஹிம் ரேத்தி பந்தரில் தொடங்கிற்று. தாராவிக்காரருக்கு அது கொல்லைப்புறம்.

நாம் ஓடத் தொடங்கியதற்கு விளையாட்டு ஆசை காரணம் அன்று. நம் தந்தையார் 51-ஆம் வயதில், ஒரு மாலை வேலை முடிந்து வந்து நாற்காலியில் அமர்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நமக்கு 33 வயது நடக்கும்போது எடுத்த மருத்துவச் சோதனையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வரம்பின் விளிம்பில் நின்றன. மருத்துவர் அதிகம் பேசவில்லை. “நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்” என்று மட்டும் சொன்னார். நடந்தோம், ஓடினோம். 2023 ஜனவரியில் மாஹிமிலிருந்து பாதி ஓட்டத்தை 2 மணி 2 நிமிடங்களில் முடித்தோம். அன்று பெற்ற பதக்கத்தை நம் இல்லாள் சாமி படத்தின் ஆணியில் மாட்டினாள். அது அங்கே தொங்கிய ஓராண்டும் நம் தலைக்கனம் ஏறிக்கொண்டே போயிற்று.

குமாஸ்தாவின் புத்தி பெருக்கல் கணக்கை நம்பும். பாதிக்கு 2 மணி 2 நிமிடம் என்றால் முழுமைக்கு 4 மணி 4 நிமிடம். உற்சாகத்தில் நான்கு நிமிடம் குறையாதா? ஆகவே நான்கு மணி நேரம் என்று குறித்துக்கொண்டோம். அதற்கு ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 விநாடியில் கடக்க வேண்டும். ஓராண்டு கழிந்துவிட்டது, இடையே வேலை நேரம் மாறி உறக்கம் குறைந்துவிட்டது, இடுப்பில் இரண்டு அங்குலம் கூடிவிட்டது என்பவை அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இடம்பெறவில்லை.

2024 ஜனவரி 21. விடியுமுன் வி.டி.யில் ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்றபோது மயிர்க்கூச்செறிந்தது உண்மை. மெரீன் டிரைவின் விளக்குகளுக்குக் கீழே ஓடுகையில் கால்கள் தாமாகப் பறந்தன. பெடர் ரோடு மேட்டை ஏறியதே தெரியவில்லை. கடல்மேல் கட்டிய பாந்திரா-வொர்லிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. பாதித் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்து, அதற்காக நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். மாஹிமைக் கடந்து திரும்பும் வழியில், சிவாஜி பார்க்கு அருகே, தொடைகள் கனக்கத் தொடங்கின. சித்திவிநாயகர் கோயிலைத் தாண்டும்போது சூரியன் தோளைத் தொட்டது. வொர்லியில் கெண்டைக்கால் சதை முடிச்சுப் போட்டது போலப் பிடித்துக்கொண்டது. சற்று நடந்தோம், மறுபடி ஓடினோம். ஹாஜி அலியைத் தாண்டிப் பெடர் ரோடு மேடு இரண்டாம் முறையாக எதிரே நின்றபோது அது மலைபோல் தோன்றிற்று. ஏறத் தொடங்கிய சிறிது தூரத்தில் கண் இருண்டது. யாரோ தாங்கிப் பிடித்தது வரை நினைவிருக்கிறது.

உயிருக்கு ஆபத்து இல்லை. நீரும் உப்பும் ஏற்றினார்கள். இருதயச் சோதனையும் செய்து நலம் என்றார்கள். ஆனால் நம் கைப்பேசி முனையத்தருகே ஒப்படைத்த பைக்குள் இருந்தது. ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்த சொல்லை நம்பி, இல்லாளும் பதினோரு வயது மகனும் முடிவுக்கோட்டுக்கு அருகே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றனர். நம் மார்பில் குத்தியிருந்த எண்ணைப் பையன் மை பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தான். வருகிற ஒவ்வொருவரின் மார்பையும் பார்ப்பான், கையைப் பார்ப்பான். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வியர்வையில் எண் அழிந்துவிட்டது. நாம் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அவன் அழவில்லை. “உங்க நம்பர் வரவே இல்லப்பா” என்று மட்டும் சொன்னான். தன் மாமனார் எவ்வாறு மறைந்தார் என்பதை அறிந்த நம் இல்லாள் அந்த மூன்று மணி நேரத்தை எப்படிக் கழித்திருப்பாள் என்பதை நாம் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.

வீட்டில் தடை உத்தரவு பிறக்கும் என்று எதிர்பார்த்தோம். பிறக்கவில்லை. ஒரு வாரம் பேசாமலிருந்துவிட்டு அவள் சொன்னாள்: “ஓட வேண்டாம்னு சொல்லலீங்க. ஓடி முடிச்சு வீட்டுக்கு வருவீங்களான்னு எனக்கு முன்கூட்டித் தெரியணும். அதுக்கு என்ன வழின்னு பார்த்துட்டு அப்புறம் பேரு குடுங்க.” முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்கு ஜோதிடத்தைத் தவிர வேறு வழி உண்டா என்று நாம் அன்று எண்ணினோம்.

வழியைச் சொன்னவர் தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலிச் சீமைக்காரர்; ஐம்பதைக் கடந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிப் பழகிய உடம்பு. ஞாயிறுதோறும் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு சிவாஜி பார்க்கைச் சுற்றி ஓடுகிறார். நம் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, நாங்க தினமும் நானூறு இட்லி அவிக்கோம். மாவு பொங்குன உடனே எல்லாத் தட்டுலயும் ஊத்திருவோமா? முதல்ல ஒரு ஈடு அவிச்சு, பிட்டு வாயில போட்டுப் பார்ப்போம். உப்புக் கம்மியா, புளிப்புக் காணலியா, அதுலயே தெரிஞ்சிரும். நீ ஒரு ஈடுகூட அவிக்காம பந்திக்கு இலை போட்டுட்டியே.”

பாதி ஓட்டம் ஓடியிருக்கிறோமே என்று முனகினோம்.

“அது போன வருஷத்து மாவுல்லா தம்பி!”

அதற்கு மேல் வாதாட இடமில்லை. பெரிய ஓட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் சிறிய பந்தயம் ஒன்றை முழு மனத்தோடு ஓடிப் பார்ப்பது பயிற்சியாளர் பலரும் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் முறை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். சிறு தூரத்தில் தேர்ந்தவரே பெருந்தூரத்தில் பெயர் பெற்றதைச் சரித்திரத்திலும் காண்கிறோம். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியா நாட்டு எமில் ஜாடோபெக், 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்று, அதற்கும் மேல் அதுவரை வாழ்நாளில் ஓடியே அறியாத மாரத்தானையும் ஓடி வென்றார். மூன்றும் எட்டே நாட்களுக்குள்! இது நமக்குரிய வழியன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் பல ஆண்டுகளாக ஓடிய சிறு ஓட்டங்களின் பலனை அந்த ஒரு வாரத்தில் அறுவடை செய்தார். நம் நாட்டில் சிவநாத் சிங், 1974-இல் டெஹ்ரான் ஆசியப் பந்தயத்தில் 5,000 மீட்டரில் தங்கம் பெற்றவர். அவரே 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவதாக வந்து, 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடங்களில் ஓடினார். அந்தச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவில் யாராலும் முறியடிக்கப்படாமல் நின்றது. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2003-இல் பாரிஸ் நகரில் 5,000 மீட்டர் உலகப் பட்டத்தை வென்று பத்தாண்டுகள் கழித்தே மாரத்தானுக்கு வந்தவர்.

நம் மும்பைப் பாதையிலேயே சான்று உண்டு. 2010 ஆசியப் பந்தயத்தில் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் பெற்ற சுதா சிங், 2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளும் மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களுள் முதலாவதாக வந்தார். சாத்தாரா மாவட்டத்து லலிதா பாபர் எதிர்த்திசையில் பயணம் செய்தவர்; 2014-இல் இதே மும்பையில் மூன்றாம் முறையாக வென்றுவிட்டு, குறுந்தூரத் தடை ஓட்டத்துக்கு மாறி 2016-இல் ரியோ ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுவரை சென்றார். இருவரும் ரெயில்வே அணிக்காக ஓடியவர்கள் என்பதில், அவர்களோடு எவ்வகையிலும் ஒப்பிட முடியாத இந்த ரெயில்வே குமாஸ்தாவுக்கும் சிறிது பெருமை.

இனி, குறு ஓட்டம் ஏன் தேவை என்னும் செய்திக்கு வருவோம். மாரத்தானை ஒத்திகை பார்க்க இயலாது. அதை ஒருமுறை முழுவேகத்தில் ஓடினால் உடல் தேற வாரக்கணக்கில் ஆகும். பயிற்சியின்போது ஓடும் மிக நீண்ட ஓட்டங்கூட 30 அல்லது 32 கிலோமீட்டரோடு நின்றுவிடும், அதுவும் மெல்லோட்டமாக. பத்துக் கிலோமீட்டர் பந்தயம் அப்படியன்று. ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் உடல் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நெஞ்சும் தசையும் தம் எல்லைக்கு அருகே நின்று வேலை செய்வதால், அதன் பிறகு மாரத்தானின் நிதான வேகம் இலகுவாகத் தோன்றுகிறது. தனியே ஐந்து தோட்டங்களைச் சுற்றும்போது எவரும் தம்மை அவ்வளவு வருத்திக்கொள்வதில்லை. அருகே மூச்சிரைக்க ஒருவர் ஓடினால்தான் மனிதன் ஓடுவான்.

வேகத்தை அறிவது இவற்றினும் முக்கியமானது. நம் தசைகளும் ஈரலும் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400, 500 கிராம் அளவே. அது 30 கிலோமீட்டர் சுமாருக்குத் தாங்கும். உடலில் கொழுப்பு ஏராளம் உண்டு. ஆனால் அதை எரிக்க நேரம் பிடிக்கும். தகுதிக்கு மீறிய வேகத்தில் ஓடினால் உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே அள்ளி அள்ளிச் செலவழிக்கும். முதல் தேதியில் சம்பளத்தை வாரியிறைத்துவிட்டு இருபதாம் தேதி கைமாற்றுக்கு அலைபவன் நிலைதான். 2024-இல் நாம் பெடர் ரோட்டில் விழுந்தது அங்கே நடந்த பிழையன்று. பிழை மெரீன் டிரைவிலேயே நடந்து முடிந்திருந்தது. தகுதியான வேகம் எது என்பதை ஆசை சொல்லாது, பழைய பதக்கமும் சொல்லாது. அண்மையில் ஓடிய ஒரு பந்தயம் சொல்லும்.

ஆகவே 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், மாரத்தானுக்கு ஆறு வாரங்கள் இருக்கையில், பாந்திரா-குர்லா வளாகச் சாலைகளில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்கு நாமும் அண்ணாச்சியும் பெயர் கொடுத்தோம். தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். மாரத்தானன்று என்னென்ன செய்வோமோ அவை அனைத்தையும் அன்று செய்வது என்று தீர்மானித்து, முந்திய இரவு எட்டு மணிக்கே உண்டு, ஒன்பதுக்குப் படுத்து, மூன்றரைக்கு எழுந்தோம். நெய் மணக்கும் வெண்பொங்கல் ஒரு கிண்ணம் உண்டோம். புதுக் காலுறை அணிந்தோம். சங்கத்தின் ஆண்டு விழாவில் கொடுத்த பருத்திப் பனியனைப் பெருமையோடு போட்டுக்கொண்டோம். இந்த மூன்றும் பிழை. பொங்கல் நான்காம் கிலோமீட்டர்வரை நெஞ்சிலேயே நின்றது. புதுக் காலுறை குதிகாலில் கொப்புளம் எழுப்பிற்று. வியர்வையில் நனைந்த பருத்தி மார்பை அரம்போல் அராவி, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது நம்மைக் கூவ வைத்தது. போதாக்குறைக்கு இரண்டாம் கிலோமீட்டரில் காலணிக் கயிறு அவிழ்ந்தது. இவையெல்லாம் 10 கிலோமீட்டரில் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய துன்பங்கள். 42 கிலோமீட்டரில் இவற்றுள் ஒன்று போதும், ஆளைக் கீழே தள்ள. அன்று முதல் நம் காலை உணவு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும். அண்ணாச்சிக்கு இதில் ஒரு வாடிக்கை சேர்ந்தது. பனியனுக்குப் பதில் வியர்வை தங்காத மெல்லிய மேலாடை. உராயும் இடங்களில் தேங்காய் எண்ணெய். கயிற்றில் இரட்டை முடிச்சு.

ஓட்டத்தில் என்ன நடந்தது என்றால், பழைய குணம் போகவில்லை. முதல் கிலோமீட்டரை 4 நிமிடம் 50 விநாடியில் ஓடினோம்! கூட்டத்தின் வேகத்தை நம் வேகம் என்று மயங்கினோம். ஏழாம் கிலோமீட்டரில் மூச்சு வாங்கியபோது, பெடர் ரோட்டு நினைவு வந்து உள்ளங்கை சில்லிட்டது. வேகத்தைக் குறைத்தோம். அப்போதுதான் பின்னாலிருந்து அண்ணாச்சி வந்தார். வியாபாரத்தில் எண்ணி வைக்கும் இட்லிபோல ஒரே அளவாக அடி வைத்து, “வாரேன் தம்பி” என்று சொல்லிக் கடந்து போய்விட்டார். நாம் 57 நிமிடம் 20 விநாடியில் முடித்தோம். அவர் 55 நிமிடத்தில் முடித்துவிட்டு நமக்காகத் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்.

அன்று மாலை கணக்குப் போட அமர்ந்தோம். பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். தூரம் இரு மடங்காகும்போது நேரம் இரு மடங்கு ஆவதில்லை; ஏறத்தாழ 2.085 மடங்காகிறது. தூரம் கூடக் கூட மனிதன் களைக்கிறான் என்பதை எண்ணால் எழுதிய விதி அது. அதன்படி 10 கிலோமீட்டர் நேரத்தை 4.6-ஆல் பெருக்கினால் மாரத்தானுக்குரிய நேரம் கிடைக்கும். 57 நிமிடம் 20 விநாடிக்கு 4 மணி 24 நிமிடம் என்று விடை வந்தது. பழைய 2 மணி 2 நிமிடத்தை எடுத்துக்கொண்டாலும் 4 மணி 14 நிமிடம் என்றுதான் வருகிறது. நான்கு மணி நேரம் எக்காலத்திலும் நமக்கு உரியதாக இருந்ததில்லை!

அதோடும் முடியவில்லை. அந்தச் சூத்திரம் நெடும்பயிற்சி நிறைய உடையவர்களுக்கே பொருந்தும். வாரம் 40 கிலோமீட்டர் ஓடும் நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்கள் விடையோடு மேலும் ஒரு கால் மணி நேரத்தையாவது கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கருத்து. ஆக 4 மணி 40 நிமிடம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 38 விநாடி. அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடுவதைவிடக் கடினம் அந்த விடையில் கையெழுத்திடுவது. முன் ஆண்டைவிட மெதுவாக ஓடப் போகிறோம் என்று அலுவலகத்தில் எப்படிச் சொல்வது? அன்று பயிற்சி சரியில்லை, காலை உணவு சரியில்லை, கயிறு அவிழ்ந்தது, இவையெல்லாம் இல்லாவிடில் 54 நிமிடத்தில் முடித்திருப்போம் என்று மனம் சமாதானம் சொல்லிற்று. இல்லாள் தாளை வாங்கிப் பார்த்தாள். “இது வர்ற கணக்கா, ஆசைப்படுற கணக்கா?” என்றாள். வருகிற கணக்கு என்றோம். “அப்ப சரி, பத்து மணிக்கு வந்து நிப்போம்” என்றாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறு ஓட்டம் நல்லது என்றதும் அதையே பெருந்தொழிலாகக் கொண்டுவிடுகிறவர்கள் உண்டு. செம்பூரில் வங்கி உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர் டிசம்பரில் மூன்று ஞாயிறு தொடர்ந்து மூன்று பந்தயங்கள் ஓடினார். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட அரை நிமிடம் குறைத்தார். ஜனவரியில் கணைக்கால் எலும்பு வலியோடு கட்டிலில் படுத்துக்கொண்டு தொலைக்காட்சியில் மாரத்தான் பார்த்தார். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. 10 கிலோமீட்டராயின் மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு முன். 21 கிலோமீட்டராயின் ஐந்து, ஆறு வாரங்களுக்கு முன்னரே முடித்துவிடுவது நலம். ஓடிய பின் ஐந்தாறு நாள் மெல்லோட்டத்தோடு நிற்க வேண்டும். கட்டணம் கட்டித்தான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து, அளந்த பாதையில், கடிகாரம் பிடிக்க ஒருவரை நிறுத்திவிட்டு ஓடினாலும் அதே விடை வரும். சிவாஜி பார்க்கில் அப்படி ஓடுவோர் பலர். முப்பதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் இருதய நோய் உள்ளவர்கள், சிறு ஓட்டத்துக்கும் முன்னால் மருத்துவரைக் கண்டுவிட வேண்டும். இதை நாம் பட்டுச் சொல்கிறோம்.

பெடர் ரோடு மேட்டுக்காக நாம் ஒரு தனிப் பயிற்சியும் செய்தோம். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளை, கூட்டமில்லாத காலை வேளையில் ஏறி இறங்கினோம். நேர்த்திக்கடனா என்று ஒரு மூதாட்டி விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தோம், முற்றும் பொய்யில்லை.

2025-இல் பொங்கல் ஜனவரி 14-ஆம் நாள்; மாரத்தான் 19-ஆம் நாள். ஓட்டத்துக்கு முந்திய சில நாட்கள் மாவுச்சத்து மிகுதியாக உண்ண வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. தமிழனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? தாராவித் தெருக்களில் வரிசையாகப் பானை வைத்துப் பெண்கள் பொங்கலிட்ட நாளில், நாம் எந்த வீட்டிலும் மறுக்கவில்லை. பந்தயத்து அதிகாலையில் மட்டும் இரண்டு இட்லி, ஒரு பழம்.

ஓட்டக்காரருக்காக மத்திய ரெயில்வே விட்ட விடியற்காலைச் சிறப்பு வண்டியில் வி.டி. சேர்ந்தோம். கையில் ஒரு துண்டுத் தாள். ரெயில்வேக்காரன் என்பதால், நிலையவாரியாக வரும் நேரம் எழுதிய கால அட்டவணை அது: சௌபாத்தி, ஹாஜி அலி, வொர்லி, மாஹிம் என்று. தொடக்கத்தில் நூறு நூறாக ஆட்கள் நம்மைக் கடந்து போனார்கள். கிழவர் ஒருவர் கடந்தார். சேலை உடுத்த அம்மையார் ஒருவர் கடந்தார். கால்கள் கெஞ்சின, விடு விடு என்று. தாளைப் பார்த்துக்கொண்டோம். பாதித் தூரம் 2 மணி 20 நிமிடத்தில். அட்டவணைக்கு ஒரு நிமிடங்கூடப் பிசகில்லை. எந்த வண்டியும் நம் பிரிவில் இவ்வளவு சரியாக ஓடியதில்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

வொர்லியில் நடப்பவர்களைக் காணத் தொடங்கினோம். காலையில் நம்மைக் கடந்தவர் சிலர் தெருவோரம் அமர்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தனர். அவர்களைக் கண்டு மகிழ்ச்சி தோன்றவில்லை; அந்த வலியை நாம் அறிவோம். ஹாஜி அலி தாண்டி மேடு வந்தது. முன் ஆண்டு கண் இருண்ட இடம், ஒரு மரத்தடி, நமக்கு அடையாளம் தெரியும். அந்த இடத்தில் மட்டும் சில விநாடி நின்றோம். அட்டவணையில் அந்த நிறுத்தம் இல்லை. பிறகு படி ஏறுவதுபோல் சிறுசிறு அடியாக ஏறினோம். உச்சியை அடைந்தபோது கால் கனத்திருந்தது. ஆனால் நம் சொல்லைக் கேட்டது. கடைசி ஐந்து கிலோமீட்டரில் வேகம் குறைந்தது உண்மை. மெரீன் டிரைவின் வெயில் கருணையற்றது.

4 மணி 46 நிமிடம். கம்பித் தடுப்புக்கு அப்பால் பையன் ஒரு கையை விரித்து உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றான். அண்ணாச்சி மாஹிமிலிருந்து பாதி ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டு, நமக்கு முன்பே வந்து, ஒரு தூக்குச் சட்டியோடு இல்லாளின் அருகே நின்றிருந்தார். அவள் நம்மைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “ஆறு நிமிஷம் லேட்டு” என்றாள். ரெயில்வேக்காரன் மனைவி வேறெதைச் சொல்வாள்?

திரும்பும்போது சயான் நிலையத்து மேம்பாலத்தில் ஏறியது எளிதாக இருந்தது. இறங்கத்தான் தொடைகள் இடம் கொடுக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, முதுகை முன்னாக்கி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினோம். எதிரே ஏறியவர்கள் வழிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கிய பையன், இன்னும் எத்தனை படி என்று கீழிருந்து எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கையில் நம் எண் அப்படியே இருந்தது. இந்த முறை அழியாத மையால் எழுதியிருக்கிறான்.